கம்ப்யூட்டர் கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பி: எந்த ஒயரை எங்கே சொருகுவது?

குடியாத்தத்திலிருந்து அக்கா மகன் புதுக் கேபினெட்டை மடியில் வைத்தே பஸ்ஸில் காட்பாடி வந்துவிட்டான். உள்ளே மதர்போர்டு பழசு. "எல்லாம் ஓடுது மாமா. முன்னாடி பென்டிரைவ் சொருகினா மட்டும் ஒண்ணும் வரல." திறந்தால், தடிமனான ஒரு ஒயர் எங்கேயும் சேராமல் தொங்குகிறது. பொருந்தும் இடமே கிடைக்கவில்லையாம்.

முதல் வேலை, பவர் கார்டைப் பிடுங்குவது. பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், மிச்ச மின்சாரம் வடியும். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் போக, கேபினெட்டில் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். மே மாத வேலூர் என்றால் நெற்றியில் ஒரு துண்டும் கட்டிக்கொள்ளுங்கள், போர்டில் வியர்வை சொட்டக்கூடாது.

அடுத்து ஒயரின் முனையைப் பாருங்கள். சின்னதாக, இரண்டு வரிசையில் 9 துளைகளோடு இருந்தால் யுஎஸ்பி 2.0. தடித்து விறைத்த ஒயரில் 19 துளைகள் என்றால் அதைவிட வேகமான யுஎஸ்பி 3.0. உலோக உறை போட்ட குட்டி முனை டைப்-சி, அதில் ஒரே ஒரு போர்ட்தான். மற்ற இரண்டிலும் இரண்டிரண்டு போர்ட் வரும்.

இனி போர்டு. 2.0 இடம் பெரும்பாலும் கீழ் ஓரத்தில் இருக்கும், பக்கத்தில் 'எஃப்_யுஎஸ்பி', 'ஜேயுஎஸ்பி' என்று ஏதாவது அச்சிட்டிருப்பார்கள். ஏமாறுவது இங்கேதான். ஆடியோ இடத்திலும் 9 பின்கள்தான். யுஎஸ்பியில் மூலைப் பின் இருக்காது. ஆடியோவில் மூலைக்கு அடுத்த பின் இருக்காது. பழைய போர்டுகளில் ஃபயர்வயர் (வீடியோ கேமரா போன்றவற்றை இணைக்கும் பழைய முறை) இடம் இன்னும் மோசம், அச்சு அசல் யுஎஸ்பி வடிவம். அதில் சொருகினால் 12 வோல்ட் ஏறி பென்டிரைவ் காலி. அதனால் எழுத்தைப் படிக்காமல் கை வைக்காதீர்கள்.

சில பழைய கேபினெட்டுகளில் ஒயர்கள் தனித்தனியாக வரும்: வழக்கமாக சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு. அதே வரிசையில்தான் போடவேண்டும். கறுப்பு, பின் இல்லாத மூலைப் பக்கம். சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் பென்டிரைவ் தப்பாது.

3.0 முனையை அழுத்தும்போது அவசரம் வேண்டாம். முனையில் ஒரு மேடு, போர்டில் அதற்கொரு பள்ளம்; இரண்டும் நேராக வந்தால்தான் அழுத்த வேண்டும். ஒருமுறை கோணலாக அழுத்தி இரண்டு பின்னை மடக்கிவிட்டேன். லெட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலின் முனைக்குள் பின்னை விட்டு, மெல்ல மெல்ல நிமிர்த்தினேன். அரை மணி நேரம் மூச்சே விடவில்லை.

சரி, மருமகன் கதை. அவன் போர்டில் 3.0 இடமே கிடையாது. இதற்கென்று மாற்று ஒயர் கடையில் கிடைக்கிறது. "போர்டு 2.0, கேபினெட் 3.0" என்று சொல்லி வாங்குங்கள், தலைகீழாக, 2.0 ஒயரை 3.0 போர்டில் மாட்டுவதும் விற்கிறார்கள். போர்ட் வேலை செய்யும், ஆனால் 2.0 வேகம்தான்: நொடிக்கு 5 ஜிகாபிட்டுக்குப் பதில் 480 மெகாபிட்.

மூடுவதற்கு முன் ஆன் செய்து, இரண்டு போர்ட்டிலும் முதலில் ஒரு பழைய மவுஸைப் போட்டுப் பாருங்கள். கல்யாண போட்டோ இருக்கும் ஹார்ட் டிஸ்க் அப்புறம்.