மார்கழிக் காலையில் கிளம்பாத பழைய டீசல் கார்: ஹீட்டர் பிளக்கும் எஞ்சின் ஆயிலும்

கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழி, தை மாதங்களின் அதிகாலை வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. எனினும் தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ இரவெல்லாம் திறந்தவெளியில் நின்ற பழைய டீசல் கார், பலமுறை செல்ஃப் அடித்த பிறகே புகையைக் கக்கிக்கொண்டு உயிர்பெறுவதை நாம் காண்கிறோம். இந்த அளவுக் குளிர் நல்ல எஞ்சினை நிறுத்தாது. ஏற்கெனவே நலிந்திருக்கும் உறுப்பை அது காட்டிக்கொடுக்கிறது. இதை உணராமல் என் காருக்கு இரண்டு குளிர்காலங்கள் ஆயிலையே மாற்றிப் பார்த்தேன். இறுதியில், கிளம்பும்முன் எரியறையை மின்சாரத்தால் சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக்குகளில் மூன்று செயலிழந்திருந்தது தெரியவந்தது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. அம்பாசிடர் டீசல், முதல் தலைமுறை இண்டிகா போன்ற கார்களில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் அல்லாமல், அதையொட்டிய சிறு அறையில் தெளிக்கப்படுகிறது. அந்த அறையின் குளிர்ந்த சுவர்கள் வெப்பத்தின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுவதால், நம் ஊரின் மிதமான காலையிலும் ஹீட்டர் பிளக் இன்றியமையாததாகிறது.

முதலில் செல்ஃப் அடிக்கும்போது புகைக்குழாயைக் கவனியுங்கள். டீசல் வாடையுடன் வெள்ளைப் புகை வந்தால், எரிபொருள் வந்துசேர்கிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக்கையும் எஞ்சின் சுழலும் வேகத்தையும் சோதிக்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. இரவில் பழைய ரப்பர் குழாய் வழியே காற்று புகுந்து, டீசல் டேங்கிற்கே திரும்பியிருக்கலாம். டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்பான ஹேண்ட் பிரைமரைக் கெட்டிப்படும்வரை அழுத்தியவுடன் வண்டி கிளம்பினால், மாற்றவேண்டியது குழாயும் அதன் கிளிப்புகளும்தான்.

ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க, பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். அது இருக்கும்வரை கெட்ட பிளக்கும் நல்லது போலவே மீட்டரில் தெரியும். பிறகு 12 வோல்ட் சோதனை விளக்கின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வைத்தால், நல்ல பிளக்கில் விளக்கு எரியும். ஒன்றிரண்டு கெட்டிருந்தாலும் நான்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினின் காற்றுக்குழாயில் ஈத்தர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை ஒருபோதும் அடிக்காதீர்கள். அது முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனையும் ரிங்கையும் உடைத்துவிடக்கூடும்.

கடற்காற்றின் உப்பு பேட்டரி முனைகளையும், அதைவிட எர்த் ஒயரையும் அரிக்கிறது. நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அது சரியாக இருந்தும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால், எர்த் ஒயர் பாடியிலும் எஞ்சினிலும் முறுக்கப்பட்ட இடங்களைக் கழற்றி, துரு போகத் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்குங்கள். புதிய பேட்டரி வாங்குவதற்கு முன் இதைச் செய்யும்படி நான் எல்லோரிடமும் வற்புறுத்துவதுண்டு.

இனி ஆயில். டப்பாவில் எழுதியிருக்கும் 15டபிள்யூ-40 (15W-40) என்பதில் முதல் எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மையையும், இரண்டாவது எண் 100 டிகிரியில் அதன் பாகுத்தன்மையையும் குறிக்கின்றன. 15டபிள்யூ ஆயில் கிராங்க் சுழற்சிக்காகச் சோதிக்கப்படுவது மைனஸ் 20 டிகிரியில். 20டபிள்யூ மைனஸ் 15-இல். ஆகவே நம் ஊரில் இரண்டுமே எஞ்சினைச் சுழலவிடும். ஆயினும் 15டபிள்யூ-40 விரைவாக மேலேறி, வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களை நனைப்பதால், நல்ல நிலையிலுள்ள பழைய டீசலுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். தேய்ந்த எஞ்சினில், சூடேறிய பின் ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கினால் 20டபிள்யூ-50 ஓரளவு தாங்கும். ஆனால் அது தேய்மானத்தைச் சரிசெய்துவிடாது. டப்பாவில் டீசல் எஞ்சினுக்கான ஏபிஐ சிஎச்-4 அல்லது சிஐ-4 (API CH-4, CI-4) என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். 'எஸ்' வரிசைக் குறி மட்டும் உள்ள ஆயில் பெட்ரோல் எஞ்சினுக்கானது. மாற்றிய சில நாட்களிலேயே ஆயில் கறுப்பது இயல்பு. கரித்துகளைத் தன்னுள் ஏந்திக்கொள்வதே அதன் வேலை. நிறத்தைப் பார்த்து அல்ல, கையேடு சொல்லும் கிலோமீட்டரைப் பார்த்து மாற்றுங்கள்.

இந்தக் குளிர்மாதங்களை ஒட்டி நம் கரையில் புயல் மழையும் வருகிறது. வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால், செல்ஃபைத் தொடுவதற்கு முன் ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த தேநீர்போல வெளுத்திருந்தாலோ அளவு உயர்ந்திருந்தாலோ, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியை இழுத்தே கொண்டுசெல்லுங்கள்.