மதியத்துக்கு எத்தனை பிளேட் பிரியாணி போடுவது? இருபது நாள் குறிப்பிலிருந்து விடை காணும் முறை

மதியம் மட்டும் நடக்கும் ஒரு சிறிய பிரியாணிக் கடையில் ஒவ்வோர் இரவும் மாஸ்டர் முதலாளியிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு எவ்வளவு போடலாம்? இறைச்சிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அரிசியைக் காலையிலேயே அளந்து ஊறவைக்க வேண்டும், தம் போட்ட பிறகு தேக்சாவில் பத்து பிளேட்டைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அதிகம் போட்டால் மீந்தது வீணாகும். குறைத்துப் போட்டால் வாசல்வரை வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

கணக்குப் பார்க்கும் பழக்கம் உள்ள முதலாளிகள் இதற்குச் சராசரியை நம்புகிறார்கள். கடந்த சில வாரங்களில் நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை போனதோ, அத்தனையே நாளைக்கும். நியாயமாகத் தோன்றும் இந்த முறை பெரும்பாலும் தவறான விடையைத் தருகிறது. ஏனென்றால் சராசரிக்கு ஒரு பிளேட் மீந்தால் எவ்வளவு நட்டம், ஒரு பிளேட் போதாமல் போனால் எவ்வளவு நட்டம் என்பது தெரியாது. இந்த இரண்டு தொகைகளும் சமமாக இருப்பது அபூர்வம். புள்ளியியலில் இது பழைய சிக்கல். 1888-இல் பொருளியல் அறிஞர் பிரான்சிஸ் எட்ஜ்வொர்த், வாடிக்கையாளர்கள் பணம் எடுக்க வரும் நாளுக்காக ஒரு வங்கி எவ்வளவு ரொக்கத்தைக் கையிருப்பில் வைக்க வேண்டும் என்று கேட்டு இதே கணக்கைத்தான் போட்டார். 1951-இல் கென்னத் ஆரோ, தியோடர் ஹாரிஸ், ஜேக்கப் மார்ஷாக் ஆகிய மூவரும் அதைச் சரக்கிருப்புக்கு விரித்து எழுதினார்கள். இன்று இதைப் பத்திரிகை விற்பவர் சிக்கல் என்கிறார்கள், காலையில் வாங்கிய தினத்தாள் மாலையில் பழைய பேப்பராகிவிடுகிறது அல்லவா.

இதற்குத் தேவை ஒரு நோட்டுப் புத்தகமும் கூட்டல், பெருக்கல், வகுத்தலும் மட்டுமே. கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கடையின் எண்களை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரே மாதிரியான நாட்களை ஒன்றாகச் சேருங்கள்

ஞாயிற்றுக்கிழமையையும் வெள்ளிக்கிழமையையும் ஒரே பட்டியலில் போட்டால் கிடைக்கும் விடை இரண்டு நாளுக்கும் பொருந்தாது. நம் ஊரில் பலர் வெள்ளி, செவ்வாயில் அசைவம் தொடுவதில்லை. அமாவாசை, கிருத்திகை வந்தால் அதுவும் தனி. எனவே திங்கள், புதன், வியாழன் ஆகிய மூன்றையும் ஒரு குழுவாகவும் ஞாயிறைத் தனிக் குழுவாகவும் வைத்துத் தொடங்கலாம். புரட்டாசி மாதத்துக் குறிப்பை மற்ற மாதங்களோடு கலக்கவே கூடாது. முன்கூட்டியே சொல்லிவைத்த மொத்த ஆர்டர்களையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அவற்றின் அளவு முன்பே தெரியும் என்பதால் அங்கே கணிக்க ஒன்றுமில்லை.

படி 2: விற்பனையை அல்ல, கேட்டு வந்ததைக் குறியுங்கள்

இந்த முறையில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். எழுபது பிளேட் போட்டு எழுபதும் ஒன்றரை மணிக்கே தீர்ந்துவிட்டால், அன்றைய பில்களின் கூட்டுத்தொகை எழுபது என்றுதான் காட்டும். ஆனால் அது உங்கள் தேக்சாவின் அளவே தவிர, தேவையின் அளவு அல்ல. இப்படிப்பட்ட நாட்களை அப்படியே பட்டியலில் ஏற்றினால் தேவை எழுபதுக்கு மேல் போனதே இல்லை என்று பட்டியல் சொல்லும்; நீங்களும் எழுபதுக்கு மேல் போடமாட்டீர்கள்; அதனால் எழுபதுக்கு மேல் விற்கவும் விற்காது.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. தீர்ந்த பிறகு கேட்டு வருபவர் ஒவ்வொருவருக்கும், அவர் எத்தனை பிளேட் கேட்டார் என்பதைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்வது முதல் வழி. ஆனால் தீர்ந்துவிட்டது என்று பலகை மாட்டியதும் பலர் உள்ளே வராமலேயே திரும்பிவிடுவார்கள் என்பதால் இந்த எண்ணிக்கை குறைவாகவே வரும். இரண்டாவது வழி பில் மெஷினில் பதிவாகும் நேரத்தைப் பயன்படுத்துவது. மீதம் இருந்த நாட்களை மட்டும் எடுத்து, அவற்றில் இரண்டு மணிக்குள் அன்றைய மொத்த விற்பனையில் எத்தனை பங்கு முடிந்திருந்தது என்று பாருங்கள். அது ஏறத்தாழ 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு நாள் எழுபது பிளேட்டும் சரியாக இரண்டு மணிக்குத் தீர்ந்திருந்தால், அன்றைய உண்மையான தேவை 70-ஐ 0.8-ஆல் வகுத்து வருவது, அதாவது ஏறக்குறைய 88. இது துல்லியமான எண் அல்ல, மதிப்பீடு. ஆனாலும் 70 என்று எழுதிவைப்பதைவிட உண்மைக்கு மிக நெருக்கமானது.

இப்படித் திருத்திய இருபது நாள் தேவையைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். நம் எடுத்துக்காட்டில் வரிசை இது:

52, 55, 58, 60, 61, 63, 64, 66, 67, 68, 70, 72, 73, 75, 78, 80, 84, 88, 95, 111

கூட்டுத்தொகை 1,440, சராசரி 72.

படி 3: இரண்டு நட்டங்களையும் ரூபாயில் எழுதுங்கள்

ஒரு பிளேட்டின் விலை 150 ரூபாய். விற்கும்போது மட்டும் செலவாகும் பார்சல் டப்பாவுக்கும் தயிர் வெங்காயத்துக்கும் 10 ரூபாயைக் கழித்தால் கைக்கு வருவது 140. விற்றாலும் விற்காவிட்டாலும் தேக்சாவுக்குள் போய்விடும் அரிசி, இறைச்சி, எண்ணெய், மசாலா, எரிபொருள் ஆகியவற்றுக்கு 84 ரூபாய். ஆகவே, ஒரு பிளேட் போதாமல் போனால் இழக்கும் லாபம் 140-லிருந்து 84 போக 56 ரூபாய். ஒரு பிளேட் மீந்தால் நட்டம் முழு 84 ரூபாய்.

வாடகையையும் மாஸ்டர் சம்பளத்தையும் இதில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்கக் கூடாது. அறுபது போட்டாலும் எண்பது போட்டாலும் வாடகை மாறுவதில்லை. நாம் கேட்பது இன்னும் ஒரு பிளேட் சேர்த்தால் என்ன மாறும் என்பதை மட்டும். கடை மொத்தத்தில் லாபத்தில் ஓடுகிறதா என்று பார்க்கும்போது வாடகை வேண்டும். அது வேறு கணக்கு.

படி 4: விகிதத்தைக் கண்டு வரிசையில் எண்ணுங்கள்

போதாமையின் நட்டத்தை இரண்டு நட்டங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 56-ஐ 140-ஆல் வகுத்தால் 0.4. இருபது நாளில் 0.4 பங்கு என்பது 8. வரிசையில் எட்டாவதாக நிற்கும் எண் 66. போட வேண்டிய அளவு 66 பிளேட். பெருக்கி வருவது முழு எண்ணாக இல்லாவிட்டால் அதற்கு அடுத்த முழு எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

விடை சராசரியைவிட ஆறு குறைவு. இருபதில் பன்னிரண்டு நாள் பிரியாணி போதாமல் போகும் என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறோம். மதியம் இரண்டு மணிக்கே பலகை மாட்டும் கடைக்காரரைச் சோம்பேறி என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் கணக்குத் தெரிந்தவராகவும் இருக்கலாம்.

இந்த விகிதம் ஏன் வேலை செய்கிறது என்பதை ஒவ்வொரு பிளேட்டாகப் பார்த்தால் புரிந்துவிடும். 66-ஆவது பிளேட், தேவை 66 அல்லது அதற்கு மேல் இருந்த 13 நாட்களில் விற்கும். அதனால் 13 முறை 56 ரூபாய், மொத்தம் 728 ரூபாய் வரவு. மற்ற 7 நாட்களில் மீந்து 588 ரூபாய் நட்டம். ஆகவே அந்தப் பிளேட்டைப் போடுவது 140 ரூபாய் லாபம். 67-ஆவது பிளேட் 12 நாட்களில் விற்று 672 ரூபாய் தரும், 8 நாட்களில் மீந்து அதே 672 ரூபாயைத் தின்றுவிடும். 68-ஆவது பிளேட்டிலிருந்து வரவைவிட நட்டமே அதிகம். வரவும் நட்டமும் சமமாகும் இடத்தைத்தான் அந்த 0.4 முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது.

படி 5: பழைய நாட்களில் ஓட்டிப் பாருங்கள்

சூத்திரத்தை நம்புவதைவிடச் சரிபார்ப்பது நல்லது. நாள்தோறும் 66 போட்டிருந்தால், அந்த இருபது நாளில் விற்றிருப்பது 1,271 பிளேட், மீந்திருப்பது 49, மேலே கண்ட முறையில் லாபம் 67,060 ரூபாய். சராசரியான 72 போட்டிருந்தால் 1,332 விற்று, 108 மீந்து, 65,520 ரூபாய். வெறுங்கையோடு திரும்புபவர்களைக் குறைக்க வேண்டும் என்று 80 போட்டிருந்தால் விற்பனை 1,382 ஆக உயரும். ஆனால் 218 பிளேட் மீந்து லாபம் 59,080-க்கு இறங்கிவிடும். அதிகம் விற்ற கணக்கே குறைந்த லாபத்தைத் தருவதைக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். 64 போட்டாலும் 68 போட்டாலும் 66-க்கும் அவற்றுக்கும் உள்ள வேறுபாடு நாளொன்றுக்கு 14 ரூபாயைத் தாண்டவில்லை. எனவே கிலோ கணக்கில் அரிசி போடும்போது ஒன்றிரண்டு பிளேட் முன்பின் ஆனால் கவலைப்பட வேண்டியதில்லை. பட்டியலின் கடைசியில் நிற்கும் 111-ஐப் பற்றியும் கவலை வேண்டாம். அது 211-ஆக இருந்திருந்தால் சராசரி 77-க்குத் தாவியிருக்கும். எட்டாவது எண்ணோ அதே 66-ஆகவே நின்றிருக்கும்.

படி 6: கடையின் நிலைமைக்கு ஏற்பத் திருத்துங்கள்

மீந்ததை நான்கு மணிக்கு மேல் 60 ரூபாய்க்கு விற்க முடிகிறது என்றால், டப்பாச் செலவு போக 50 ரூபாய் திரும்புகிறது. மீதத்தின் நட்டம் 34-ஆகக் குறைகிறது. விகிதம் 56-ஐ 90-ஆல் வகுத்து 0.62, இருபதில் 12.4, எனவே பதின்மூன்றாவது எண்ணான 73. ஆனால் மதியம் முழு விலை கொடுப்பவர்களே நான்கு மணிக்காகக் காத்திருக்கத் தொடங்கினால் இந்தக் கணக்கு குலைந்துவிடும்.

திரும்பிப் போகும் வாடிக்கையாளர் அடுத்த முறையும் வராமல் போகலாம் என்ற கவலைக்கும் ஒரு தொகை வைக்கலாம். அதை 40 ரூபாய் என்று மதித்தால் போதாமையின் நட்டம் 96-ஆகி, விகிதம் 0.53-ஐத் தொட்டு, விடை பதினோராவது எண்ணான 70-க்கு நகர்கிறது. இந்த 40 என்பது ஊகமே. ஆயினும் மனத்துக்குள் இருக்கும் பயத்தை எண்ணாக எழுதிவைத்தால், அது விடையை எவ்வளவு தூரம் இழுக்கிறது என்றாவது தெரிந்துவிடுகிறது. இறைச்சி விலையோ பிளேட் விலையோ மாறும் ஒவ்வொரு முறையும் விகிதத்தை மீண்டும் போடுங்கள். பட்டியலில் பழைய நாள் ஒன்றை நீக்கிப் புதிய நாள் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே வரலாம்.

வேறு இடங்களில்

இதே ஆறு படிகளை இட்லி மாவுக் கடைக்கும் வைக்கலாம். பாக்கெட் ஒன்றுக்கு 28 ரூபாய் செலவு, விலை 45, மறுநாள் புளித்த மாவாக 20 ரூபாய்க்குப் போகும் என்றால் நட்டங்கள் 17-உம் 8-உம், விகிதம் 0.68. அங்கே சராசரியைவிடக் கூடுதலாக அரைப்பதே பெரும்பாலும் சரி.

எழும்பூரில் ரயில் பிடிக்க வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதும் இதே கணக்கில் அடங்கும். பயண நேரத்தைத் தேவையின் இடத்தில் வையுங்கள். சீக்கிரம் போனால் நட்டம் நடைமேடையில் காத்திருக்கும் நேரம். தாமதமானால் நட்டம் டிக்கெட்டும் அன்றைய வேலையும். விகிதம் 0.95-க்குப் பக்கத்தில் வரும். இங்கே மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை: இருபது பயணங்களின் பட்டியலில் 0.95 என்பது பத்தொன்பதாவது எண். அதற்கு மேலே நிற்பது ஒரே ஒரு நாள்தான். மழையில் மாட்டிக்கொண்ட அந்த ஒற்றை நாள் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து வரிசையின் முனை வெகுவாக மாறிவிடும். 0.4-க்கும் 0.6-க்கும் இடையில் விழும் விடைகளுக்கு இருபது குறிப்புகள் ஓரளவு போதும். முனைக்கு நெருங்கும் விடைகளுக்கு நூறு குறிப்புகளாவது சேரும்வரை கணக்கு சொல்வதைவிடக் கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.