ஆற்றல் ஆராய்ச்சியை எடைபோடும்போது சறுக்கும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் மின்சாரப் பேச்சு எடுத்தால் போதும், நம் அரசு கட்ட முயன்ற கூழாங்கல் அணு உலைக்கு (எரிபொருளைக் கூழாங்கல் போன்ற உருண்டைகளாகப் போடும் உலை) மாமா போய்விடுவார். “900 கோடி ரேண்டுக்கு மேல் கொட்டினார்களே, உலை எங்கே?” நியாயமான கேள்வி. ஆனால் அரசின் ஆராய்ச்சித் திட்டத்தை அந்த ஒரு கேள்வியால் அளப்பதுதான் முதல் தவறு.

உலை எழும்பவில்லை என்பது உண்மை. 1999இல் அதற்கென்று தனி நிறுவனம் தொடங்கி, 2010இல் அரசு கையை விரித்தது. ஆனால் அங்கே வேலை பார்த்த பொறியாளர்கள் சிலர் அமெரிக்காவின் எக்ஸ்-எனர்ஜிக்குப் போனார்கள். அந்த நிறுவனம் இன்று வடிவமைப்பதும் கூழாங்கல் உலைதான். அப்படியென்றால் அறிவு வீணாகவில்லை. இங்கேதான் எதிர்ப்பக்கத் தவறும் காத்திருக்கிறது. “அறிவு மிஞ்சியது” என்று கணக்கை மூடிவிடக் கூடாது. யாருக்கு மிஞ்சியது என்றும் எழுத வேண்டும். காசு நம்முடையது, பலன் கடல் கடந்து போனது.

என் பார்வையில் அதைவிடப் பெரிய பிழை, எந்தக் கட்டத்தில் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே எழுதி வைக்காதது. அமெரிக்கப் பங்காளி எக்ஸெலான் 2002இலேயே விலகியது. அதன்பின் எட்டு ஆண்டு பணம் போனது. கடைசியில் சொன்ன காரணம்: வாடிக்கையாளர் இல்லை, முதலீட்டாளர் இல்லை.

கட்டுரை, காப்புரிமை, முனைவர் பட்டம் என்று தலை எண்ணுவது எளிது, அதனால்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். 2008இல் தொடங்கிய ஹைட்ரஜன் சவுத் ஆப்பிரிக்கா என்ற அரசின் ஆராய்ச்சித் திட்டம் அதைத் தாண்டி யோசித்தது. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலங்களுக்கு உலகுக்குத் தேவைப்படும் பிளாட்டின வகை வினையூக்கியில் 25 சதவீதத்தை 2020க்குள் நாம் தர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். துணிச்சல்தான். ஆனால் உலகச் சந்தை ஆய்வகத்தின் கையில் இல்லையே! ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை கிராம் பிளாட்டினம், வினையூக்கி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்ற இடைக்கணக்குகளையும் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தால்தான் ஆராய்ச்சியாளரை நியாயமாகக் கேள்வி கேட்க முடியும்.

அப்புறம், யாரால் நடந்தது என்ற குழப்பம். 2024 மார்ச் இறுதியிலிருந்து பத்து மாதம் லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) இல்லை. மின்நிலையப் பராமரிப்பு, தெருவுக்குத் தெரு கூரையில் ஏறிய சோலார் பலகைகள் என்று பல கைகள் அதில் உண்டு. ஏதாவது ஓர் ஆராய்ச்சித் திட்டம் ‘எங்களால்தான்’ என்றால் நம்பாதீர்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆராய்ச்சியை 2001இல் மதிப்பிட்ட குழு இதற்கு ஒரு வழி கண்டது. அரசு பணம் போடாவிட்டாலும் அந்தத் தொழில்நுட்பம் ஐந்து ஆண்டு தாமதமாக வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, அந்த ஐந்து ஆண்டுப் பலனை மட்டும் வரவு வைத்தார்கள். கரடுமுரடான விதிதான், ஆனால் தற்பெருமையை அடக்கும்.

அதே ஆய்வில் மின்சிக்கனத் திட்டங்களின் பலனில் பெரும்பங்கு ஃபிரிட்ஜ், குழல்விளக்கின் சோக், ஜன்னல் கண்ணாடி என்ற மூன்றிலிருந்தே வந்தது. ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாக லாபம் காட்டியே தீர வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் அந்த மூன்றும் முளையிலேயே வெட்டுப்பட்டிருக்கலாம்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். “சரி, 2002இல் உன்னைப் போல யாரும் அங்கே இல்லையா?” என்றார்.