வெளிநாட்டில் புதுக் குடித்தனம்: சின்னச் சின்னக் கொண்டாட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணம் முடிந்த கையோடு லண்டனுக்கு வந்து இறங்கும் ஜோடிகளை வருடாவருடம் பார்க்கிறேன். பிறந்தநாள், நிச்சயமான தேதி, முதல் சம்பளம், கல்யாணமாகி நூறாவது நாள் என்று முதல் வருடத்தில் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாத ஊரில் இந்தச் சின்ன நாட்கள்தான் இரண்டு பேரையும் ஒட்டவைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால்தான், நாங்கள் வந்த புதிதில் இடறிய இடங்களிலேயே இவர்களும் இடறும்போது மனசு கேட்பதில்லை. தேதியை மறக்காதே, பரிசு வாங்கு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

கேட்காமல் வெளிநாட்டு டிக்கெட் போடுவது

தெரிந்த தம்பி ஒருவன், கல்யாணத்துக்குப் பிறகு மனைவிக்கு வரும் முதல் பிறந்தநாள் என்று பாரிஸுக்கு ரயில் டிக்கெட்டும் இரண்டு ராத்திரிக்கு ஹோட்டலும் அவளுக்குத் தெரியாமலே போட்டான். ரத்து செய்தால் பணம் திரும்பாத வகை ஹோட்டல், விலை குறைவு என்பதால். "பெட்டியைக் கட்டு, எங்கேன்னு கேட்காதே" என்று சொல்லி செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனான். பாரிஸ் ரயிலுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனை லண்டனிலேயே, அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே நடக்கும். ஆபீஸ் வேலையாகப் போய்வர எடுத்த ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, அவனிடம் இருந்தது, அவனை விட்டார்கள். அவளுடைய பாஸ்போர்ட்டை அதிகாரி கடைசிப் பக்கம் வரை புரட்டினார், திரும்ப முதல் பக்கத்திலிருந்து ஒரு தடவை புரட்டினார், அப்புறம் ஓரமாக நிற்கச் சொன்னார். அவளிடம் இருந்தது கணவனைச் சார்ந்து பிரிட்டனில் இருப்பதற்கான டிபென்டன்ட் விசா மட்டும்தான்.

"அக்கா, நமக்குத்தான் இங்கே விசா இருக்கே, ரெண்டு நாள்தானே, விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்" என்றான். போன பணத்தைக்கூட மறந்துவிடலாம். அன்று வீட்டுக்கு வந்ததும் "என்னாலதான் உங்க பிளான் கெட்டுப்போச்சு" என்று அந்தப் பெண் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். பிறந்தநாள் அவளுடையது, தவறு அவனுடையது, மன்னிப்பு கேட்டது அவள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டது ஒருமுறை நடந்துவிட்டால், பின்னாளில் விசா படிவம் "இதற்குமுன் எங்காவது அனுமதி மறுக்கப்பட்டதா" என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவள்தான் அதை எழுதி விளக்க வேண்டும்.

சரி, விஷயம் இதுதான். ஷெங்கன் என்பது 29 ஐரோப்பிய நாடுகள், அதில் பிரிட்டன் கிடையாது. பிரிட்டனில் எத்தனை வருட விசா இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்பே கொடுத்துவிட வேண்டும். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்வரைகூட இழுக்கும். பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம், மறுத்தாலும் அது திரும்பி வராது. இதையெல்லாம் விட முக்கியம், முதல் தடவை விண்ணப்பிப்பவர் நேரில் போய்க் கைரேகை வைத்தாக வேண்டும். அவள் கைரேகை வைக்காமல் அவளுக்கு விசா கிடையாது, அப்படியிருக்க இந்தப் பயணத்தை அவளுக்குத் தெரியாமல் நடத்த வழியே இல்லை.

டப்ளினும் அப்படித்தான். பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட்டிலிருந்து டப்ளின் போகும் சாலையில் எல்லைச் சாவடி கிடையாது என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறார்கள். சாவடி இல்லை என்பதால் விசா வேண்டாம் என்று ஆகிவிடாது, அயர்லாந்து தனி நாடு. அமெரிக்காவில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது நயாகராவில். மறுகரையான கனடாவிலிருந்து பார்த்தால் அருவி இன்னும் அழகாகத் தெரியும் என்று கேட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டப் பார்ப்பார்கள், ஆனால் எச்-1பி (வேலை விசா), எச்-4 (அவர்களுடைய கணவன் அல்லது மனைவிக்கான விசா) வைத்திருக்கும் இந்தியர்களுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். இன்னொன்று, கல்யாணத்துக்குப் பிறகு மாணவர் விசாவிலிருந்து எச்-4க்கு மாற அங்கேயே விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பெண், முடிவு வருமுன் நாட்டை விட்டு வெளியே போனால் அந்த விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஒரு வாரக்கடைசி ஆசைக்கு அது எவ்வளவு பெரிய விலை!

பெயரையும் பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலும் ஆபீஸிலும் புதுப்பெயர் பழகியிருக்கலாம். டிக்கெட்டில் இருக்க வேண்டியது பாஸ்போர்ட்டில் இன்று என்ன அச்சாகியிருக்கிறதோ அந்தப் பெயர்.

ஆச்சரியமே கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எடின்பரோவுக்கு ரயில் ஏறுங்கள், வேல்ஸில் கடலோரமாக ஒரு ராத்திரி தங்குங்கள், விசாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எல்லை தாண்டித்தான் போக வேண்டும் என்றால் ஊரின் பெயரை முன்பே சொல்லிவிட்டு, அங்கே போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை மட்டும் மறைத்து வையுங்கள். அதற்குள்ளேயே மறைக்க எவ்வளவோ இருக்கிறது.

நாள் முழுக்கப் போனில் கரைவது

இந்தியாவில் ராத்திரி 12 மணி அடிக்கும்போது லண்டனில் குளிர்காலமென்றால் முந்தைய நாள் சாயங்காலம் ஆறரை, கோடையென்றால் ஏழரை. அப்போது ஆரம்பிக்கும் வாழ்த்து, லண்டன் 12 மணிக்கு இன்னொரு சுற்று, மறுநாள் காலையிலிருந்து சித்தப்பா, அத்தை, பள்ளித் தோழிகள் என்று நீளும். நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு அதே வாழ்த்து மத்தியானம் ஒன்றரைக்கோ இரண்டரைக்கோ, ஆபீஸ் மீட்டிங் நடுவில் வரும். சிட்னியில் இருந்தால், ஊரில் ராத்திரி எட்டு மணிக்குச் சாவகாசமாகக் கூப்பிடும்போது அங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும்.

யாரையும் எடுக்காமல் விட முடியாது. ஆனால் இரண்டு வீட்டையும் ஒரே வீடியோ காலில், முன்பே சொன்ன நேரத்தில் சேர்த்துவிடலாம். அவங்க வீட்டோடு ஒரு மணி நேரம், நம்ம வீட்டோடு பத்து நிமிஷமா என்ற கணக்கு முதல் வருடத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஒரே காலில் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை. லண்டனில் பிறந்தநாள் அன்றைய சாயங்காலம் இந்தியாவில் ஊரே தூங்கப் போயிருக்கும், அந்த நேரம் உங்கள் இருவருக்குமானது. அதற்குப் பிறகு போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரம் மாறும், அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். அந்த வாரங்களில் வீடியோ கால் வைத்தால் நேரத்தை இன்னொரு முறை சரிபாருங்கள்.

அவளுடைய பிறந்தநாளுக்கு உங்கள் ஆபீஸ் ஆட்கள்

வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும், அவளுக்கு அந்த ஊரில் தெரிந்த முகம் நீங்கள் ஒருவர்தான். அவளுக்காக என்று வீடு நிறைய ஆட்களைக் கூப்பிடுவீர்கள், எல்லாரும் உங்கள் டீம். பேச்சு புராஜெக்ட்டில் ஆரம்பித்து மேனேஜரில் முடியும். அப்படி ஒரு வீட்டில் பிறந்தநாள் பெண் சமையலறை மேடையில் காகிதத் தட்டுகளை எண்ணி எண்ணி அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், அங்கே நின்றால் யாருடனும் பேச வேண்டாம் என்பதற்காக. மனைவியின் விசாவில் கணவன் வந்திருந்தாலும் இதே கதைதான். அவரவர் நாளுக்கு யார் வர வேண்டும் என்று அவரவரையே கேளுங்கள். "யாரும் வேண்டாம்" என்று பதில் வந்தால் அப்படியே விடுங்கள்.

கேக்கும் புகை அலாரமும்

மெழுகுவர்த்திப் புகைக்கு அலாரம் அடித்துவிடும் என்று அதைப் பையால் மூடாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மெழுகுவர்த்தியை ஊதுங்கள்.

ஊருக்குப் போனதும் சேர்த்துக் கொண்டாடிக்கலாம்

வேண்டாம். அன்றைக்கே, அரை மணி நேரமாவது.

பரிசைப் பார்சலில் வரவழைப்பது

ஊரிலிருந்து தனி ஒருவர் அனுப்பும் பரிசுக்கு பிரிட்டனில் 39 பவுண்டு வரை, ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரைதான் வரி விலக்கு. அதைத் தாண்டினால், பரிசு பெறுபவரே பணம் கட்டிப் பெட்டியை வாங்க வேண்டி வரும். சென்ட் பாட்டில், பவர் பேங்க் இரண்டையும் விமானத் தபாலில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வரவழைத்தே ஆகணும் என்றால் ஒரு மாதத்துக்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். சுங்கப் படிவத்தில் வெறும் 'கிஃப்ட்' என்று எழுதினால் போதாது, உள்ளே என்ன பொருள், உண்மையான மதிப்பு எவ்வளவு என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.