காலநிலை உறுதிமொழிகளின் பதிவேட்டைப் படிப்பது எப்படி?

ஒரு சிமெண்ட் நிறுவனம் 2040-க்குள் தான் வெளியிடும் கரியமில வாயுவைவிடக் கூடுதலான அளவை அகற்றும் நிலைக்கு வந்துவிடுவதாக அறிவிக்கிறது. ஒரு மாநகராட்சி 2050-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வை, அதாவது வெளியிடும் அளவும் அகற்றும் அளவும் சமமாகும் நிலையை, எட்டுவதற்குத் திட்ட அறிக்கை வெளியிடுகிறது. இவை ஒரு நாள் செய்தியாக வந்து மறைகின்றன. சில ஆண்டுகள் கழித்து, சொன்னவர் யார், எந்தக் கூட்டமைப்பில் சேர்ந்து சொன்னார், எந்த ஆண்டோடு ஒப்பிட்டுச் சொன்னார், அதன்பின் என்ன கணக்குக் காட்டினார் என்று தேடுகிறவருக்கு உதவவே இணையத்தில் சில பொதுத் தரவுத்தளங்கள் இருக்கின்றன. அவற்றுள் இரண்டை மாணவரோ செய்தியாளரோ உள்ளாட்சி உறுப்பினரோ எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலாவது, ஐ.நா. காலநிலை மாற்ற அமைப்பு நடத்தும் 'குளோபல் கிளைமேட் ஆக்‌ஷன் போர்ட்டல்'. 2014 டிசம்பரில் பெரு நாட்டின் லிமா நகரில் நடந்த 20-ஆவது காலநிலை மாநாட்டின்போது இது 'நாஸ்கா' என்ற பெயரில் தொடங்கப்பட்டது. அந்தப் பெயர் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்ததுதான் என்றாலும், பெருவின் பாலைநிலத்தில் கீறப்பட்டிருக்கும் புகழ்பெற்ற நாஸ்கா கோடுகளையும் நினைவூட்டுகிறது. அந்தக் கோடுகளின் உருவம் உயரத்திலிருந்து பார்த்தால்தான் முழுமையாகப் புலப்படும். இந்தத் தளத்திலோ உயரத்திலிருந்து பார்க்கும் மொத்த எண்ணிக்கை அதிகம் சொல்வதில்லை. தரைக்கு இறங்கி ஒவ்வொரு பதிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2015-இல் பாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்ற மாநாட்டுத் தீர்மானத்தின் 117-ஆவது பத்தி, அரசு அல்லாத தரப்பினர் தங்கள் செயல்பாடுகளை இந்தத் தளத்தில் பதிவு செய்யுமாறு ஊக்குவிக்கிறது.

இரண்டாவது, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'கிளைமேட் இனிஷியேட்டிவ்ஸ் பிளாட்ஃபார்ம்'. முதல் தளத்தில் ஒரு நகரத்தையோ நிறுவனத்தையோ பெயர் சொல்லித் தேடலாம். இரண்டாவதில், பல நாட்டுத் தரப்பினர் சேர்ந்து நடத்தும் கூட்டு முயற்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆகவே 'இந்த நகரம் என்ன சொல்லியிருக்கிறது?' என்பது உங்கள் கேள்வியானால் முதல் தளத்துக்கும், 'இந்தக் கூட்டணி எதற்காக உருவானது, அதில் யார் இருக்கிறார்கள்?' என்பது கேள்வியானால் இரண்டாவதற்கும் செல்லுங்கள். கேள்வியை முடிவு செய்யாமல் தளத்தைத் திறப்பவர் உலக வரைபடத்தைச் சுழற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவார்.

'அரசு அல்லாதது' என்ற சொல்

தமிழில் 'அரசுசாரா' என்றதும் தொண்டு நிறுவனங்கள்தாம் மனத்தில் எழும். இந்தத் தரவுத்தளங்களில் அந்தச் சொல்லுக்கு அகன்ற பொருள் உண்டு. ஐ.நா. காலநிலை உடன்படிக்கையை ஏற்றுள்ள தேசிய அரசுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் மட்டுமே 'தரப்பினர்'. மற்ற எல்லோரும், அதாவது தனியார் நிறுவனங்கள், முதலீட்டாளர்கள், பல்கலைக்கழகங்கள், மாநகராட்சிகள், ஏன், மாநில அரசுகளும்கூட, தரப்பினர் அல்லாதவர்களே. மாநில அரசை 'அரசு அல்லாதது' என்று படிக்கும்போது நமக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் சென்னை மாநகராட்சியைத் தொண்டு நிறுவனப் பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்காமல், நகரங்கள் என்ற பிரிவில் தேடுவதற்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

பெயரைத் தேடும்போது இன்னொரு தொல்லை உண்டு. பதிவு எந்தப் பெயரில் இருக்கும் என்று நிச்சயமில்லை. நகரத்தின் பெயர், மாநகராட்சியின் முழுப்பெயர், பெருநகரப் பகுதியின் பெயர் என்று மூன்று விதமாகவும் தேடிப் பாருங்கள். நிறுவனமானால் தாய் நிறுவனம் ஒரு பெயரிலும் துணை நிறுவனம் வேறு பெயரிலும் இருக்கலாம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் டால்மியாபுரத்தில் ஆலை வைத்திருக்கும் டால்மியா சிமெண்டை எடுத்துக்கொண்டால், பங்குச் சந்தையில் இருப்பது டால்மியா பாரத் என்ற தாய் நிறுவனம். 2040-க்குள் வெளியிடுவதைவிட அகற்றுவது கூடும் என்று 2018-இல் அறிவித்ததும், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான ஆர்இ100 முதலிய கூட்டணிகளில் சேர்ந்ததும் சிமெண்ட் நிறுவனத்தின் பெயரில். ஒரு பெயரில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் உறுதிமொழியே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

ஒரு கூட்டு முயற்சியின் பக்கத்தைப் படிப்பது

கூட்டு முயற்சியின் பக்கத்தைத் திறந்தால், தொடங்கிய ஆண்டு, நடத்தும் அமைப்பு, துறை, பணியின் வகை, இலக்கு, இலக்கை அடையும் வழி, ஆண்டுவாரியாக உறுப்பினர் எண்ணிக்கை, முன்னேற்றம், வெளியான அறிக்கைகள் ஆகியவற்றுக்கான இடங்கள் இருக்கும். பலரும் இலக்கைப் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நான் கீழிருந்து மேலே படிக்கிறேன்: முதலில் அறிக்கைகள், பிறகு முன்னேற்றம், பிறகு உறுப்பினர்கள், கடைசியில்தான் இலக்கு. அறிக்கைக்கான இடம் காலியாகவோ பல ஆண்டுப் பழையதாகவோ இருந்தால், மேலே உள்ள அழகான இலக்கு வாசகத்தை அதற்குரிய எச்சரிக்கையோடு படிக்கலாம்.

பணியின் வகை என்ற பகுதியைத் தாண்டிச் செல்லாதீர்கள். எல்லாக் கூட்டணிகளும் உமிழ்வைக் குறைப்பதற்காக உருவானவை அல்ல. சில உரையாடலுக்காக, சில பயிற்சிக்காக, சில நிதி திரட்டுவதற்காக, சில ஆய்வறிவைப் பரப்புவதற்காக இயங்குகின்றன. பயிற்சி தரும் கூட்டணியிடம் எத்தனை டன் குறைத்தாய் என்று கேட்பதில் பொருளில்லை. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தாய் என்றுதான் கேட்க வேண்டும். அதேபோல், டன் கணக்கில் குறைப்பதாகச் சொன்ன கூட்டணி தான் நடத்திய கருத்தரங்குகளின் பட்டியலை முன்னேற்றமாகக் காட்டினால், அது கேட்ட கேள்விக்கான பதில் ஆகாது.

இலக்கு வாசகத்தைச் சோதிக்க ஆர்இ100 நல்ல எடுத்துக்காட்டு. கிளைமேட் குரூப் என்ற தொண்டு அமைப்பு, நிறுவனங்களிடமும் நகரங்களிடமும் சுற்றுச்சூழல் கணக்குகளைத் திரட்டும் சிடிபி என்ற அமைப்போடு சேர்ந்து 2014-இல் தொடங்கிய இந்தக் கூட்டணியில், உறுப்பு நிறுவனங்கள் தாங்கள் பயன்படுத்தும் மின்சாரம் முழுவதையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து பெறுவதாக உறுதியளிக்கின்றன. கடைசிக் கெடு 2050. இடையில் 2030-க்குள் 60 விழுக்காடு, 2040-க்குள் 90 விழுக்காடு என்று படிகள் உண்டு. இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'மின்சாரம்'. ஆலையின் சூளையில் எரியும் நிலக்கரியும் லாரியில் ஊற்றும் டீசலும் இந்த உறுதிமொழிக்குள் வருவதில்லை. சிமெண்ட் தொழிலில் சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும்போது அந்தக் கல்லிலிருந்தே வெளியேறும் கரியமில வாயுவும் வருவதில்லை. அந்தத் தொழிலின் உமிழ்வில் பெரும்பகுதி அதுவே. மேலும், சூரிய ஒளி, காற்றாலை மின்சாரத்துக்கான சான்றிதழை மட்டும் தனியாக வாங்கியும் கணக்கில் சேர்க்க முடியும். ஆகவே ஒரு நிறுவனம் இந்தக் கூட்டணியில் இருக்கிறது என்பது உண்மையான தகவல். அதன் உமிழ்வு முழுவதும் போய்விடும் என்பது அந்தத் தகவலிலிருந்து கிடைக்காத முடிவு.

அடுத்தது, மொத்த அளவா, ஒரு டன் உற்பத்திக்கான அளவா என்பது. இதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். ஓர் ஆலை ஆண்டுக்கு 10 லட்சம் டன் சிமெண்ட் செய்கிறது, டன் ஒன்றுக்கு 800 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது என்றால், மொத்தம் 8 லட்சம் டன். பத்தாண்டில் டன்னுக்கான அளவை 20 விழுக்காடு குறைத்து 640 கிலோவாக்கி, அதே காலத்தில் உற்பத்தியை இருமடங்காக்கினால், மொத்த உமிழ்வு 12.8 லட்சம் டன். இலக்கை எட்டிவிட்டோம் என்று அந்த நிறுவனம் சொல்வது பொய்யில்லை. வளிமண்டலத்துக்குப் போகும் வாயு கூடியிருக்கிறது என்பதும் பொய்யில்லை. பதிவில் அடிப்படை ஆண்டு, இலக்கு ஆண்டு, அளவு முறை ஆகிய மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த விழுக்காட்டை மேற்கோள் காட்டாமல் விடுவதே நல்லது.

பதிவிலிருந்து கணக்குக்கு

காலநிலை அமைப்பின் தளம் தானே நேரில் போய் எதையும் அளப்பதில்லை. சிடிபி, உள்ளாட்சி அமைப்புகளின் வலையமைப்பான இக்லி, நகரங்கள் சேர்ந்திருக்கும் மேயர்களின் உலகளாவிய உடன்படிக்கை, கிளைமேட் குரூப் போன்ற பங்காளி அமைப்புகள் திரட்டிய தரவையே தொகுத்துக் காட்டுகிறது. அந்த அமைப்புகளிடமும் பெரும்பாலான தகவலைத் தருவது அந்தந்த நிறுவனமோ நகரமோதான். எனவே ஒரு பதிவைப் பார்த்ததும், அது எந்தப் பங்காளியிடமிருந்து வந்தது, எந்த ஆண்டுக்கானது என்று குறித்துக்கொண்டு மூலத்துக்கே செல்லுங்கள்.

இந்திய நிறுவனமானால் நமக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022–23 நிதியாண்டு முதல் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு அறிக்கையை வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அந்தப் பகுதியைத் திறந்து, சுற்றுச்சூழல் பற்றிய 6-ஆவது கோட்பாட்டுக்குச் செல்லுங்கள். அங்கே ஸ்கோப் 1, அதாவது சொந்த ஆலையிலும் வாகனத்திலும் எரிபொருளாலும் செய்முறையாலும் வரும் உமிழ்வும், ஸ்கோப் 2, அதாவது வாங்கும் மின்சாரத்தின் பின்னால் இருக்கும் உமிழ்வும், நடப்பு ஆண்டுக்கும் முந்தைய ஆண்டுக்கும் அருகருகே இருக்கும். மூலப்பொருள் முதல் வாடிக்கையாளர் பயன்பாடு வரையிலான ஸ்கோப் 3 கணக்கோ விருப்பப் பகுதியில்தான் கேட்கப்படுகிறது; பல இடங்களில் அது காலியாக இருக்கும். கார் தயாரிக்கும் நிறுவனத்துக்கு, விற்ற கார்கள் சாலையில் ஓடுவதால் வரும் புகையே பெரும்பகுதி என்பதால், அந்தக் காலியிடம் சிறியதல்ல. நகரங்களுக்கு இத்தகைய ஆண்டறிக்கை இல்லை. 2050 இலக்கோடு 2023 ஜூனில் வெளியான சென்னையின் காலநிலைச் செயல்திட்டம் போன்ற ஆவணத்தை நேரடியாகப் படித்து, பதிவோடு ஒப்பிடுவதே வழி.

'உறுதி அளித்துள்ளது' என்பதும் 'இலக்கு ஏற்கப்பட்டது' என்பதும் வேறு வேறு என்பதை இந்தக் கட்டத்தில் கவனியுங்கள். அறிவியல் அடிப்படையில் இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்பிடிஐ அமைப்பிடம் ஒரு நிறுவனம் முதலில் உறுதி அளிக்கும். அதன்பின் 24 மாதங்களுக்குள் இலக்கைச் சமர்ப்பிக்க வேண்டும். 2024 மார்ச்சில் 239 நிறுவனங்களின் உறுதிமொழிகளுக்கு எதிரே 'நீக்கப்பட்டது' என்று அந்த அமைப்பு குறித்தது. மைக்ரோசாஃப்ட், யூனிலீவர், வால்மார்ட் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. முன்னரே ஏற்கப்பட்ட குறுகிய கால இலக்குகள் சிலவற்றுக்கு இருக்க, நீண்ட கால உறுதிமொழி மட்டும் நீக்கப்பட்ட நிலையும் உண்டு. ஆகவே நிலையைக் குறிக்கும் சொல்லை அப்படியே படியெடுங்கள். உங்கள் சொல்லில் மாற்றி எழுதாதீர்கள்.

எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன்

ஒரே நகரம் பெருநகரங்களின் காலநிலைக் கூட்டமைப்பான சி40-இலும் இருக்கலாம், மேயர்களின் உடன்படிக்கையிலும் இருக்கலாம், நிகர பூஜ்ஜிய இலக்குக்காக 2020 ஜூனில் தொடங்கிய 'ரேஸ் டு ஜீரோ' இயக்கத்திலும் இருக்கலாம். அந்த நகரத்தின் ஆலை அதன் சொந்த நிறுவனக் கணக்கிலும் வரும், நகரத்தின் கணக்கிலும் வரும், மாநிலத்தின் கணக்கிலும் வரும், நாட்டின் தேசிய இலக்கிலும் வரும். இவற்றை வெறுமனே கூட்டினால் ஒரே டன்னை நான்கு முறை எண்ணியதாகும். பதிவான உறுதிமொழிகள் உண்மையில் கூடுதலாகத் தருவதற்கும், தரக்கூடும் என்று சொல்லப்படுவதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018 உமிழ்வு இடைவெளி அறிக்கையே சான்று. தனித்தனி நகரங்களும் மாநிலங்களும் நிறுவனங்களும் அப்போது பதிவு செய்திருந்த உறுதிமொழிகள், தேசிய இலக்குகளுக்கு மேல் 2030-இல் கூடுதலாகத் தருவது ஆண்டுக்கு 0.2 முதல் 0.7 கிகா டன் (ஒரு கிகா டன் என்பது நூறு கோடி டன்) என்றும், கூட்டு முயற்சிகள் தங்கள் முழு ஆற்றலுக்கு விரிவடைந்தால் கிடைக்கக்கூடியது 15 முதல் 23 கிகா டன் என்றும் அது மதிப்பிட்டது. இரண்டாவது எண்ணை மட்டும் எடுத்து எழுதுவோர் 'விரிவடைந்தால்' என்ற சொல்லை மறந்துவிடுகிறார்கள்.

கையெழுத்திட்டோர் எண்ணிக்கையிலும் ஒரு மறைவு உண்டு: இல்லாதவர் யார் என்பதை அது காட்டாது. 2014 செப்டம்பரில் நியூயார்க் காடுகள் பிரகடனத்தில் அரசுகளும் நிறுவனங்களும் பழங்குடி அமைப்புகளும் கையெழுத்திட்டபோது, அமேசான் காட்டின் பெரும்பகுதியைக் கொண்ட பிரேசில் அரசு அதில் சேரவில்லை. இயற்கைக் காடுகளின் அழிவை 2020-க்குள் பாதியாகக் குறைப்பது என்ற அதன் இடைக்கால இலக்கும் நிறைவேறவில்லை.

கூட்டணிகள் மூடப்படுவதும் உண்டு. 2021-இல் தொடங்கிய காப்பீட்டு நிறுவனங்களின் நிகர பூஜ்ஜியக் கூட்டணி 2024 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. அதே 2021-இல் தொடங்கிய வங்கிகளின் கூட்டணி, பெரிய அமெரிக்க வங்கிகள் விலகிய பிறகு, 2025 அக்டோபரில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. தரவுத்தளத்தின் பழைய பக்கத்தை மட்டும் நம்பினால் இத்தகைய கூட்டணி இன்றும் உயிரோடு இருப்பதாக எழுத நேரிடும். எனவே கூட்டணியின் சொந்த இணையதளத்தைத் திறந்து, கடைசியாக எப்போது அறிக்கை வந்தது என்று பாருங்கள்.

பார்த்ததைச் சேமிப்பதும் வேலையின் ஒரு பகுதியே. சுற்றுச்சூழல் திட்டத்தின் தளம் விக்கி முறையில் அமைந்தது. பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறக்க முடிந்தால், உறுப்பினர் எண்ணிக்கையோ இலக்கு வாசகமோ எப்போது மாறியது என்று தெரிந்துகொள்ளலாம். மற்றவற்றுக்கு, இணையப் பக்கங்களின் பழைய நிலையைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் முகவரியை இட்டு, அன்றைய நிலையைப் பதியச் செய்யுங்கள். எக்செல் தாளில் தரப்பின் பெயர், கூட்டணி, இலக்கு வாசகம், அடிப்படை ஆண்டு, மூலம், பார்த்த தேதி என்று ஆறு பத்திகள் போதும். என் தாள்களில் அதிகம் பயன்பட்டது கடைசிப் பத்திதான்: ஒரே பதிவை ஆண்டுக்கு ஒரு முறை, அதே மாதத்தில் திறந்து, புதிய வரியாகச் சேர்த்துக்கொண்டே போனால், ஓசையில்லாமல் மாறும் இலக்கு ஆண்டும் காணாமல்போகும் வாசகமும் மூன்றாவது வரியிலேயே கண்ணில் படத் தொடங்கும்.