கடைசி ரவுண்டுக்குப் பிறகும் பிஸ்டல் ஸ்லைடு மூடிக்கொள்கிறதா? செய்யக் கூடாத தவறுகள்

2024 மக்களவைத் தேர்தலுக்காக மார்ச் மாதம் ஒப்படைத்த பிஸ்டல்கள், வாக்கு எண்ணிக்கை முடிந்து ஜூனில்தான் எங்கள் கைக்குத் திரும்பின. எங்களில் பலருக்கு வீடு கம்பம், போடிப் பக்கம். ஏலத்தோட்டம் கேரள எல்லையான கம்பம்மெட்டுக்கு அப்பால், வண்டன்மேட்டில். பணம் கொண்டுபோய் வரும் வேலை என்பதால் லைசென்ஸ் வாங்கியவர்கள். திரும்பக் கிடைத்த கையோடு சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனபோது நான் உட்பட மூன்று பேருக்கு ஒரே குறை. கடைசி ரவுண்டு, அதாவது கடைசித் தோட்டா, வெடித்த பிறகு ஸ்லைடு (குழலின் மேல் முன்னும் பின்னும் ஓடும் மூடி) பின்னால் நிற்கவில்லை, முன்னே ஓடி மூடிக்கொண்டது. மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: "மேகசின் போயிருச்சு." கடைசியில் பார்த்தால் மூன்றிலும் மேகசின், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி, நன்றாகவே இருந்தது.

ஸ்லைடு எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மேகசினுக்குள் தோட்டாக்களை மேலே தள்ளும் ஒரு தட்டு இருக்கிறது. கடைசித் தோட்டாவும் போன பின் அந்தத் தட்டு மேலே வந்து, ஸ்லைடு ஸ்டாப் என்னும் நெம்புகோலின் உள்முனையைத் தூக்குகிறது. நெம்புகோல் எழுந்து ஸ்லைடின் வெட்டுப்பள்ளத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். தட்டு தள்ள வேண்டும், நெம்புகோல் தடையில்லாமல் எழ வேண்டும், ஸ்லைடு முழுத் தூரமும் பின்னால் போக வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் ஸ்லைடு மூடிவிடும்.

குறையைத் தேடுவதற்கு முன்பே பலர் ஓர் ஆபத்தான தவறு செய்கிறார்கள். பழகிய கை, ஸ்லைடு திறந்து நின்றால்தான் தோட்டா தீர்ந்தது என்று எண்ணும். அது நிற்காத பிஸ்டலில் ட்ரிகரை இழுத்ததும் 'டிக்' என்று மட்டும் கேட்கும். தீர்ந்துவிட்டது என்று நினைத்து உடனே குழலைத் திருப்பிப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அது வெடிக்காமல் தங்கிய ரவுண்டாகவும் இருக்கலாம், தாமதித்து வெடிக்கலாம். இலக்கை நோக்கிப் பிடித்தபடியே 30 விநாடி பொறுங்கள். பிறகு மேகசினை எடுங்கள். அதற்குப் பிறகே ஸ்லைடை இழுத்து, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்க ஸ்லைடை இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். அதன்பின் மேகசினைக் கழற்றிவிட்டு 'காலி' என்று மேசைமேல் வைப்பதைப்போல் கொடுமையான தவறு இந்த விஷயத்தில் வேறில்லை.

எங்கள் மூவரில் ஒருவரிடம் இருந்தது அவர் அப்பா காலத்து பிரௌனிங் 1910, .32 ரகம். புது மேகசின் தேடி இரண்டு ஊர் அலைந்தார். அந்த மாடலில் கடைசி ரவுண்டுக்குப் பின் ஸ்லைடை நிறுத்தும் அமைப்பே கிடையாது. கோல்ட் 1903-இலும் கிடையாது, பெரெட்டா டாம்கேட்டிலும் கிடையாது. வால்தர் பிபி, பிபிகே வேறு மாதிரி: ஸ்லைடு நிற்கும், ஆனால் வெளியே நெம்புகோல் இருக்காது. இல்லாத ஒன்றைப் பழுது பார்க்க முடியாது. உங்கள் மாடல் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிறுத்தும் அமைப்பு உள்ள பிஸ்டல் என்றால், ஒரு பொருளும் வாங்காமல் கையாலேயே சோதிக்கலாம். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, காலி மேகசினைப் போட்டு ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுங்கள். நின்றால் உள்பாகங்கள் பெரும்பாலும் சரி. குறை பிடியிலோ தோட்டாவிலோ இருக்கும். நிற்காவிட்டால் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்துப் பிடித்து, நெம்புகோலை விரலால் தூக்குங்கள். இப்போது மாட்டிக்கொண்டால் மேகசினைச் சந்தேகியுங்கள். இப்போதும் மாட்டவில்லையா, நெம்புகோல், அதன் ஸ்பிரிங், வெட்டுப்பள்ளம் ஆகியவற்றில் கோளாறு. மேகசின்களுக்குப் பெயிண்டால் 1, 2 என்று எண் போட்டுவையுங்கள். அடையாளம் இல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டால் கெட்டது எது என்று கடைசிவரை தெரியாது.

என் பிஸ்டல் கைச்சோதனையில் ஒவ்வொரு முறையும் நின்றது. சுடும்போது மட்டும் நிற்கவில்லை. மேகசினில் ஒரே ஒரு ரவுண்டு போட்டு நண்பரைச் சுடச் சொன்னேன். நின்றது. நான் சுட்டேன், மூடியது. இரு கையால் உயரப் பிடிக்கப் பழகியதில் என் கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப்பின் மேலேயே படுத்திருந்தது. அது எழுவதை நானே அழுத்தித் தடுத்திருக்கிறேன். பிடியை மாற்ற வேண்டிய இடத்தில் புது ஸ்பிரிங்குக்குப் பணம் கொடுத்துவிட்டேன். கட்டைவிரலை ஓர் அங்குலம் விலக்கியதும் குறை போய்விட்டது. மணிக்கட்டைத் தளர விட்டாலும் இப்படி ஆகும். பிஸ்டல் முழுவதும் கையோடு பின்வாங்குவதால் ஸ்லைடு முழுத் தூரம் போகாது. வலுக் குறைந்த தோட்டாவும் இதையே செய்யும். வெற்றுத் தோட்டா ஓடுகள் தெறித்துப் போகாமல் காலடியிலேயே விழுந்தால் இந்த இரண்டில் ஒன்றைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது ஆள் எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். அவருடைய கதைதான் எங்கள் மலையெல்லையில் உள்ளவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. கம்பத்தில் இருக்கும்போது ஸ்லைடு பெரும்பாலும் நிற்கும், எப்போதாவது தவறும். வண்டன்மேட்டுத் தோட்ட வீட்டில் காலையில் இழுத்தால் நிற்கவே நிற்காது. துருப் பிடிக்காமல் இருக்க, ஒப்படைப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார். 24 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கும் எண்ணெய் அது. மழைக்கால மலைக் குளிரில் நெம்புகோலின் இடுக்கில் வெண்ணெய்போல் கட்டிக்கொண்டது. கீழே வெயிலில் உருகினாலும் தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்தது. முழுக்கத் துடைத்து, துப்பாக்கிக்கென்றே விற்கும் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டதும் சரியாகிவிட்டது. எந்த எண்ணெயானாலும் மேகசினுக்குள் ஊற்றாதீர்கள். தூசி சேரும், தோட்டாவின் அடியில் முதலில் தீப்பற்றும் பிரைமருக்குள் இறங்கினால் அது வெடிக்காமலே போகும். மழைக்காலத்தில் தோல் உறைக்குள்ளேயே வைத்துவிடுவதும் தவறு, தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதைக் கையால் இழுத்து நீட்டாதீர்கள். இரண்டு நாள் வேலை செய்து மறுபடி தளரும். மாற்றுவதுதான் வழி. கழற்றிச் சுத்தம் செய்த பிறகு குறை தொடங்கியதென்றால், தட்டும் ஸ்பிரிங்கும் திசை மாறி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வெட்டுப்பள்ளத்தையோ நெம்புகோலையோ அரத்தால் ராவுவது என்னால் பொறுக்க முடியாத தவறு. கொஞ்சம் அதிகமாக ராவினால், நிற்க வேண்டிய ஸ்லைடு விரல் உள்ளே இருக்கும்போது நழுவி மூடும், அல்லது மேகசினில் தோட்டா இருக்கும்போதே நின்றுவிடும். தெரிந்த லேத் பட்டறை ஆள் என்று கொடுக்கவும் கூடாது. ஆயுதச் சட்டம் 1959-இன் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கிப் பழுதுபார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அந்தக் கடைக்கோ தோட்டத்துக்கோ மெட்டு தாண்டிப் போவதானால், செக்போஸ்டில் வண்டியை நிறுத்திய பிறகு லைசென்ஸைப் புரட்டாதீர்கள். எந்த எல்லைவரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், பிஸ்டல் காலியாகப் பெட்டிக்குள் பூட்டியிருந்தாலும் கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம்தான்.