ஜப்பானில் எந்தப் பல்கலைக்கழகம்? ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

"டோக்கியோவா, கியோட்டோவா, எது பெஸ்ட்?" ஜப்பானில் படிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். உலகத் தரவரிசையைத் திறந்து, அதில் மேலே இருக்கும் நாலைந்து பெயர்களைக் குறித்துக்கொண்டு விண்ணப்பிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் பல்கலைக்கழகத்தை மொத்தமாக எடை போடுவது. உங்கள் துறை அங்கே எப்படி என்று அது சொல்லாது. உலோகம், புதிய பொருட்கள் பற்றிய ஆராய்ச்சி என்றால் செண்டாய் நகரின் தொஹோகு பல்கலைக்கழகத்தைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. நீல எல்இடிக்காக 2014இல் நோபல் பெற்ற அகாசாகியும் அமானோவும் நகோயா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். ஹிதோத்சுபாஷி பொருளாதாரத்துக்கும் வணிகத்துக்கும் பேர்போனது, ஆனால் அங்கே பொறியியலே கிடையாது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு டோக்கியோ டெக் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைத் தேடுகிறவர்களும் உண்டு. அது 2024 அக்டோபரில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 'சயின்ஸ் டோக்கியோ' ஆகிவிட்டது.

அடுத்த சறுக்கல் மொழி. இளநிலையில் முழுக்க ஆங்கிலத்திலேயே படிக்கக்கூடிய பிரிவுகள் குறைவுதான். கியோட்டோ பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்காக நடத்தும் ஐயூபி (iUP) என்ற இளநிலைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும்போது ஜப்பானிய மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை என்பதைப் படித்ததும் பலர் குஷியாகிவிடுவார்கள். ஆனால் அங்கே மொழியைக் கற்றுக்கொடுத்த பிறகு பட்டப்படிப்பை ஜப்பானிய மொழியில்தான் நடத்துவார்கள். நுழைவுக்கு எந்த மொழி, வகுப்புக்கு எந்த மொழி என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

முதுநிலைக்குப் போகிறவர்கள் ஒப்பிட வேண்டியது பல்கலைக்கழகங்களை அல்ல, ஆய்வகங்களை. அங்கே உங்கள் நாள் முழுவதும் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தைச் சுற்றித்தான் ஓடும். பல இடங்களில் விண்ணப்பத்துக்கு முன்பே அவருடைய சம்மதம் வேண்டும். "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு" என்று பெயர்கூடப் போடாமல் ஒரே மெயிலை இருபது பேருக்குத் தட்டிவிட்டால் பதில் வராது. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எந்த இடத்திலிருந்து உங்கள் வேலை தொடங்கும் என்று நாலு வரி எழுதினாலே வித்தியாசம் தெரியும். அப்புறம், 'ஆராய்ச்சி மாணவர்' என்று சேர்த்துக்கொண்டால் முதுநிலையில் இடம் கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். அது பட்டம் தராத நிலை, நுழைவுத் தேர்வு அதற்குப் பிறகும் பாக்கி இருக்கும்.

நம் ஊர் மூன்றாண்டு பி.எஸ்சி. காரர்களுக்கு இன்னொரு சிக்கல். ஜப்பானில் முதுநிலைக்குப் பொதுவாக 16 ஆண்டுக் கல்வி கேட்பார்கள், பி.எஸ்சி.யோடு நமக்கு 15தான் ஆகிறது. தனியாகத் தகுதிச் சோதனை செய்து ஏற்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, ஆனால் அதற்கான கெடு விண்ணப்பக் கெடுவுக்கு முன்பே முடிந்துவிடும். பி.இ. முடித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

செலவுக்கு வருவோம். தேசியப் பல்கலைக்கழகங்களின் நிலையான ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென். 'எல்லா இடத்திலும் அதே தொகைதானே' என்று இருந்துவிட வேண்டாம். டோக்கியோ பல்கலைக்கழகம் 2025இல் சேர்ந்த இளநிலை மாணவர்களிலிருந்து 6,42,960 ஆக்கிவிட்டது. வசேதா, கெயோ போன்ற தனியார் இடங்களில் பல படிப்புகளுக்குப் பத்து லட்சம் யென்னைத் தாண்டும். வாடகையையும் சேர்த்துப் பார்த்தால் செண்டாய், ஃபுக்குவோகா போன்ற நகரங்கள் பர்ஸுக்கு இதம். முகவரியையும் பாருங்கள்: டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சில ஆய்வகங்கள் இருப்பது சிபா மாகாணத்தின் கஷிவாவில். பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று: அனுமதி வாங்கினாலும் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் உச்சவரம்பு, ஆய்வக வேலை கூடினால் அதுவும் கிடைக்காது.